பின்கதவு டியூட்டி

ஜூன் 4

என் செல்ல வாலுக்கு,

அம்மா நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே? நேரத்துக்குச் சாப்பிடறியா, இல்லை ஊர் ஊராப் போய் முதியோர் இல்லங்கள்ல குறை கண்டுபிடிக்கிற மும்முரத்துல வயித்தைக் காயப் போடறியா? ஐம்பதைத் தொடப்போற அதிகாரியை இன்னும் 'வாலு'ன்னு கூப்பிடறேனேன்னு முகத்தைச் சுளிக்காதே. போன்ல நீ பேசறது எனக்குப் பாதிக்குப் பாதி விழறதில்லை. லெட்டர்ல அந்தத் தொல்லை இல்லை, கத்தாமலே கேக்குது.

நீ கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றேன். கட்டில் பக்கத்து மணியை அடிச்சா ஆள் வருதான்னு கேட்டே. வருது. சும்மா ஒரு தடவை அடிச்சுப் பார்த்தேன், ஓடி வந்த பொண்ணு "என்ன பாட்டி?"ன்னா. பாட்டின்னதுக்கு ஒரு முறை முறைச்சு அனுப்பினேன். நடையில மூத்திர வாடை வருதான்னு கேட்டே. இல்லை, பினாயில்தான் மூக்கைத் துளைக்குது. குளிக்கறப்போ யாராவது பக்கத்துல நிக்கறாங்களான்னு கேட்டே. நிக்கறாங்க, எனக்குத்தான் கூச்சமா இருக்கு. சாப்பாட்டுல உப்பு இல்லை. டீ வெந்நீர் மாதிரி இருக்கு. அதையெல்லாம் உன் சட்டத்துல குத்தம்னு எழுத முடியாது, விட்டுடு.

என் ரூம்ல இன்னொரு கட்டில்ல டீச்சர் இருக்காங்க. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. காலையில பேப்பர்ல வர்ற கணக்குப் புதிரை நான் கண்ணாடி போடறதுக்குள்ள போட்டு முடிச்சுடுவாங்க. மத்தியானத்துக்கு மேல ஞாபகம் கலைஞ்சுபோயிடுது, "பெல் அடிச்சாச்சா, பிள்ளைங்க போயாச்சா?"ன்னு கேப்பாங்க. போயாச்சு டீச்சர்னு சொன்னா நிம்மதி ஆயிடுவாங்க. என்னை வார்டனம்மான்னுதான் கூப்பிடுவாங்க. இந்த வயசுல ஒரு சிநேகிதி கிடைப்பாங்கன்னு நான் கனவுலகூட நெனைக்கலை.

முக்கியமான சேதியை மறந்துட்டேன் பாரு. எனக்கு இங்கே வேலை கிடைச்சிருக்கு! நடைக்கோடியில இருக்கிற பின்கதவுக்கு இப்போ பூட்டு போட்டாச்சு. யோசனை என்னோடது. மேனேஜர் தம்பி "ஹாஸ்டல் வார்டனா இருந்தவங்க, உங்களைவிட யார் பொறுப்பா பார்த்துப்பாங்க?"ன்னு சாவியை என்கிட்டயே கொடுத்துட்டார். கயித்துல கோத்துக் கழுத்துல போட்டிருக்கேன். ஹாஸ்டல்ல அந்தப் பொண்ணுங்க எனக்கு 'பூட்டு'ன்னு பேர் வெச்சிருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? பூட்டு திரும்ப டியூட்டிக்கு வந்தாச்சு.

உடம்பைப் பார்த்துக்கோ.

ஆசையோட,
அம்மா


ஜூன் 10

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னு படிச்சு மனசு குளிர்ந்துச்சு. கடைசிப் பத்தியைப் படிச்சதும் அந்தக் குளிர்ச்சி போயிடுச்சு.

எந்தக் கதவும்மா? நடைக்கோடியில, முற்றத்துக்குப் போற கதவா? உங்களை அங்கே சேர்க்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை வந்து பார்த்தேனே, அப்போ முதல்ல போனதே அந்தக் கதவுக்குத்தான். எந்த இல்லத்துக்குப் போனாலும் என் பழக்கம் அது. வரவேற்பறையில பூச்சாடி வெச்சிருப்பாங்க, சிரிச்சு வரவேற்பாங்க, அதையெல்லாம் பார்க்கமாட்டேன். நேரா பின்கதவுக்குப் போய், ரெண்டு கையிலயும் சாமான் இருக்கிற மாதிரி வெச்சுக்கிட்டு, இடுப்பால ஒரு தள்ளு. தொறந்தா பாதி நிம்மதி. உங்க இல்லத்துக் கதவு தொறந்துச்சு. அதனாலதான் உங்களை அங்கே விட்டேன்.

அந்தக் கட்டடம் எப்படி இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரே ஒரு நீள நடை. முன்வாசல் பக்கத்துலயே சமையலறை. அங்கே தீப்பிடிச்சா முன்வாசல் போச்சு. மிச்சம் இருக்கறது பின்கதவு ஒண்ணுதான். அதையும் பூட்டிட்டா நீங்க எல்லாரும் நடுவுல மாட்டிக்குவீங்க.

சாவியை மேனேஜர் தம்பிகிட்டத் திருப்பிக் கொடுத்துட்டு, பூட்டை எடுக்கச் சொல்லுங்கம்மா. நீங்க அங்கே இருக்கறதால அந்த இல்லத்தை என் பொறுப்புல இருந்து எடுத்து, என்கூட வேலை பார்க்கிற கண்ணாடிக்காரர்கிட்டக் கொடுத்துட்டாங்க. நானா வந்து ஒண்ணும் பண்ண முடியாது. அதனாலதான் உங்களைக் கெஞ்சறேன்.

டீச்சருக்கு என் வணக்கம்.

உங்க வாலு


ஜூன் 16

வாலுக்கு,

கொல்லன் தெருவுக்கே ஊசி விக்க வந்துட்டியா? கதவைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கறே! வார்டன் ரூம்ல வளர்ந்தவ நீ. நான் சாயங்காலம் கேட்டைப் பூட்டாம ஒரு நாளாவது தூங்கிப் பார்த்திருக்கியா? அத்தனை வருஷத்துல ஒரு பொண்ணுமேல ஒரு கீறல் பட்டிருக்குமா? பூட்டு இருந்ததால பட்டதில்லை.

எதுக்குப் பூட்டு வந்துச்சுன்னு சொல்லலை இல்லை, இப்போ கேளு. போன மாசம் ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம். டீச்சர் பின்கதவைத் தள்ளிட்டு, முற்றத்தைத் தாண்டி, சந்து வழியா மெயின் ரோட்டுக்கே போயிட்டாங்க. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சாம். காலுல செருப்புகூட இல்லை. லாரிக்காரன் பிரேக் போட்டான், புண்ணியவான். மெடிக்கல் ஷாப்காரர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார். அன்னிக்கு முழுக்க நான் அவங்க கையை விடவே இல்லை.

மேனேஜர் தம்பி அழாத குறை. "இனிமே இவங்களை வெச்சுக்க முடியாதும்மா, நர்ஸ் இருக்கிற இடத்துக்கு அனுப்பணும்"னார். எதுக்கு அனுப்பணும், ஒரு பூட்டு போடுங்க, நான் இருக்கேன்னு சொன்னேன். அந்தப் பூட்டு இருக்கறதாலதான் டீச்சர் இன்னும் என் பக்கத்துக் கட்டில்ல இருக்காங்க. எப்பவோ பிடிக்கப்போற தீயை நெனைச்சு, தினம் ரோட்டுல ஓடற லாரிக்கு அவங்களைக் கொடுக்கச் சொல்றியா?

பூட்டை எடுக்கமாட்டேன். வேற எதாவது எழுது.

அம்மா


ஜூன் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

டீச்சர் ரோட்டுக்குப் போன கதையைப் படிச்சு எனக்கும் பதறிப்போச்சு. உங்க பயம் எனக்குப் புரியாம இல்லை. என் பயமும் உங்களுக்குப் புரியணும்னுதான், இதுவரைக்கும் உங்ககிட்ட மறைச்ச ஒண்ணைச் சொல்றேன்.

போன வருஷம் தீப்பிடிச்ச ஒரு இல்லத்துக்கு, எல்லாம் அணைஞ்சதுக்கு அப்புறம் என்னை அனுப்பினாங்க. சுவரெல்லாம் கரி. பின்கதவு மட்டும் அப்படியே நின்னுச்சு, பூட்டோட. அதுக்கு உள்பக்கம் செருப்புங்க குவிஞ்சு கிடந்துச்சும்மா. எல்லாரும் சரியான திசையிலதான் ஓடி வந்திருக்காங்க. சாவி வெச்சிருந்தவங்க கெட்டவங்க இல்லை. உங்களை மாதிரி பொறுப்பானவங்க. யாருக்கோ மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தாங்க. அவங்க எதிர்ல உட்கார்ந்து கேள்வி கேட்டவ நான். அவங்க ஒரு பதில்தான் சொன்னாங்க: "யாரும் வெளியே போய்த் தொலைஞ்சுடக் கூடாதுன்னுதான் பூட்டினேன்."

அந்த நாற்காலியில உங்களை உட்கார வெச்சுப் பார்க்க என்னால முடியாது. செருப்புக் குவியல்ல உங்க செருப்பைத் தேடவும் முடியாது.

பூட்டுக்குப் பதிலா வேற வழி இருக்கு. தள்ளினா தொறக்கிற தாழ்ப்பாள், தொறந்தா ஊரைக் கூட்டற மணி. டீச்சர் கை வெச்ச அடுத்த நிமிஷம் எல்லாருக்கும் தெரிஞ்சுடும். மணி அடிச்சா ஓடி வர ஒரு ஆள் மட்டும் வேணும். தம்பிகிட்டச் சொல்லுங்க. மாட்டிட்டா சந்தோஷம். மாட்டலைன்னா, அம்மா, தெரிஞ்சும் நான் சும்மா இருக்க முடியாது. மேலதிகாரிகிட்டச் சொல்லியே ஆகணும். மிரட்டறேன்னு நெனைக்காதீங்க.

பாசத்தோட,
வாலு


ஜூன் 30

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

மணி விஷயத்தை மேனேஜரிடம் சொன்னேன். "பார்க்கலாம்மா" என்றார். ஓடி வர ஆளுக்கு எங்கே போவது என்று கேட்டார். மத்தியானத்தில் இருப்பதே இரண்டு பெண்கள்தான்.

தங்கள் ஆபீஸிலிருந்து ஆள் வந்தால் முதலில் டீச்சரைத்தான் வெளியே அனுப்பச் சொல்வார்கள் என்றும் சொன்னார். ஆகவே தாங்கள் எழுதிக் கொடுப்பது என் சிநேகிதியை என்னிடமிருந்து பிரிப்பதற்குத்தான். அப்படி நடந்தால் என்னிடமிருந்து இனி கடிதம் எதிர்பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஹாஸ்டல் வார்டன் (ஓய்வு)


ஜூலை 5

அம்மா,

எழுதிக் கொடுத்துட்டேன்.

முதல்ல தம்பிக்குப் போன் பண்ணினேன். "பார்க்கலாம் மேடம்"னார், உங்ககிட்டச் சொன்ன அதே வார்த்தை. அந்த வார்த்தையை இந்த வேலையில எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ரெண்டு நாள் தூங்காம இருந்தேன். அப்புறம் மேலதிகாரிகிட்டப் போய்ச் சொல்லிட்டேன், என் அம்மா இருக்கிற இடம்னும் சொன்னேன். கண்ணாடிக்காரர் வருவார். எப்போன்னு எனக்கும் தெரியாது, தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்.

திட்டணும்னா திட்டி ரெண்டு வரி எழுதுங்க. ஆனா எழுதுங்க.

வாலு


ஜூலை 22

அன்புள்ள அம்மாவுக்கு,

தினம் தபால்காரர் வர்ற நேரத்துக்கு ஆபீஸ் வாசல்ல நிக்கறேன். அவரே "இன்னிக்கும் இல்லை மேடம்"னு தூரத்துலயே கையை ஆட்டிடறார். இல்லத்துக்குப் போன் பண்ணினா, "அம்மா நல்லா இருக்காங்க, பேசமாட்டேங்கறாங்க"ன்னு பதில். பெத்த பொண்ணுமேல இவ்வளவு வைராக்கியமா?

கண்ணாடிக்காரர் வந்துட்டுப் போயிட்டாராமே. என்கிட்ட முழுசா எதுவும் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. தலையைச் சொறிஞ்சுக்கிட்டு ஒண்ணு மட்டும் சொன்னார்: "பின்கதவு பூட்டலையே மேடம். தள்ளினேன், தொறந்துச்சு. கதவுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தாங்க. இங்கே என்ன பண்றீங்கன்னு கேட்டேன். 'டியூட்டி'ன்னாங்க."

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துடுச்சு. என்னம்மா நடந்துச்சு? யார் பூட்டை எடுத்தது? டீச்சர் எப்படி இருக்காங்க? உங்களுக்கு முதுகு வலிக்குமே, மர நாற்காலியா போட்டு உட்கார்ந்தீங்க?

பதில் போடலைன்னா லீவு போட்டுட்டு வந்து அதே நாற்காலி பக்கத்துல நானும் உட்கார்ந்துடுவேன்.

வாலு


ஆகஸ்ட் 9

வாலு,

லெட்டர் போடக் கூடாதுன்னுதான் இருந்தேன். பேனாவை எடுக்கறதும் வைக்கறதுமா ஒரு மாசம் போச்சு. இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிடறேன், நடுவுல குறுக்கே பேசாதே.

"எழுதிக் கொடுத்துட்டேன்"னு நீ போட்ட லெட்டரைப் படிச்சதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உன்னைப் பொய்யாக்கணும்னு தோணிச்சு. ஹாஸ்டல்ல வருஷா வருஷம் விசில் ஊதிப் பொண்ணுங்களைக் கீழே ஓட விடுவேனே, அதே மாதிரி இங்கே பண்ணிக் காட்டி, பூட்டு இருந்தாலும் கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள எல்லாரையும் வெளியே கொண்டுபோவேன்னு உன் கண்ணாடிக்காரர்கிட்டச் சொல்லணும்னு நெனைச்சேன். சமையல்காரப் பொண்ணுகிட்ட, "டீ முடிஞ்சதும் தட்டைத் தட்டித் தீ தீன்னு கத்து"ன்னு சொல்லி வெச்சேன். எல்லார்கிட்டயும் இது சும்மா, பயப்படாதீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டேன்.

அவ கத்தினா. நான்தான் முதல் ஆளா கதவுகிட்டப் போனேன். கழுத்துக் கயித்தைக் கழட்டினேன். அது கண்ணாடியில மாட்டிக்கிச்சு. இழுத்து எடுத்துச் சாவியைப் பூட்டுக்குள்ள விட்டா, திரும்பலை. என் விரல் இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியும், காலையில பேனாவையே பிடிக்க முடியறதில்லை. அதுக்குள்ள பின்னாடி எல்லாரும் வந்து நெருக்கிட்டாங்க. மிலிட்டரிக்காரர்னு ஒருத்தர் இருக்கார், அவரோட சக்கர நாற்காலி என் காலை இடிச்சுச்சு. சாவி கீழே விழுந்துடுச்சு. என்னால குனிய முடியலை, வாலு. குனிய இடமும் இல்லை. சும்மான்னு தெரிஞ்சும் எல்லாரும் தள்ள ஆரம்பிச்சுட்டாங்க.

டீச்சருக்கு மட்டும் அது சும்மான்னு தெரியலை. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. "தீ இல்லை டீச்சர், விளையாட்டுக்கு"ன்னேன். "அப்போ கதவைத் தொறங்க வார்டனம்மா"ன்னாங்க. கடைசியில சமையல்காரப் பொண்ணு எல்லாரையும் விலக்கிட்டு வந்து, என் காலடியில இருந்து சாவியை எடுத்துத் தொறந்தா. உண்மையான தீயா இருந்தா அவ அந்தப் பக்கத்துலதான் இருந்திருப்பா, சமையலறை பக்கம். நீ சொன்ன அந்தச் செருப்புக் குவியல் என் கண்ணு முன்னாடி வந்துச்சு. அதுல டீச்சரோட செருப்பு இருக்காது, அவங்கதான் போடறதே இல்லையேன்னு ஒரு நெனைப்பு வந்துச்சு பாரு, அதோட நான் ஆடிப்போயிட்டேன்.

அன்னிக்கே பூட்டைக் கழட்டித் தம்பி மேஜைமேல வெச்சுட்டேன். அவர் பேச வாயைத் தொறந்தார், "பார்க்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க"ன்னேன். நாற்காலியை எடுத்துட்டுப் போய்க் கதவு பக்கத்துல போட்டேன். மர நாற்காலிதான், நல்லா வலிச்சுது. பூட்டு இல்லைன்னா என்ன, பூட்டு நானே உட்கார்ந்திருக்கேன்னு ஒரு திமிரு.

உன் கண்ணாடிக்காரர் வந்தார். நல்ல மனுஷன். கதவைத் தள்ளிப் பார்த்தார், தொறந்துச்சு, சந்தோஷப்பட்டார். அப்படியே போயிருப்பார். போறப்போ தன்மையா ஒண்ணு கேட்டார்: "நீங்க அசந்துட்டீங்கன்னா யார் பார்த்துப்பாங்கம்மா?"

அதுக்கு முந்தின நாள் மத்தியானம் நான் அசந்துட்டேன். கண்ணு முழிக்கறப்போ டீச்சர் முற்றத்தைத் தாண்டி, சந்துக்குப் போற கேட்டுல கை வெச்சிருந்தாங்க. கூப்பிட்டேன், திரும்பி வந்துட்டாங்க. யாருக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கிட்டு, "நான் அசரமாட்டேன் சார்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டீச்சர் இன்னும் என் பக்கத்துக் கட்டில்ல இருந்திருப்பாங்க. எத்தனையோ பொண்ணுங்ககிட்ட "உண்மையைச் சொல்லு, திட்டமாட்டேன்"னு கேட்டவ நான். என் முறை வந்தப்போ பொய் சொல்ல வாய் வரலை. பூட்டினது, சாவி விழுந்தது, நான் அசந்தது, எல்லாத்தையும் அவர்கிட்டக் கொட்டிட்டேன். தம்பி தலையில கை வெச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார்.

அடுத்த வாரமே டீச்சரை மாத்திட்டாங்க. அவங்க அண்ணன் மகன் வந்து கூட்டிட்டுப் போனான். காலை நேரம், ஞாபகம் தெளிவா இருந்துச்சு. "எனக்காகப் பேசக் கூடாதா வார்டனம்மா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க. பேசினேன் டீச்சர், அதனாலதான் போறீங்கன்னு சொல்ல முடியுமா? அவங்க பெட்டியை நான்தான் அடுக்கினேன். அன்னிக்கு ராத்திரி பக்கத்துக் கட்டிலைப் பார்க்க முடியாம சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உனக்கு விக்கல் எடுத்திருக்கணும்.

இப்போ இங்கே மணி மாட்டியாச்சு. மத்தியானத்துக்கு இன்னொரு பொண்ணும் வந்திருக்கா. உன் ஆபீஸ் உத்தரவு. என் பக்கத்துல புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்க, குறட்டை கட்டடத்தையே தூக்குது.

போன ஞாயித்துக்கிழமை சமையல்காரப் பொண்ணைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு டீச்சரைப் பார்க்கப் போனேன். சொல்லாம கொள்ளாமதான் போனேன், அதுவும் உன்கிட்டக் கத்துக்கிட்டது. அங்கேயும் வரவேற்பறையில பூச்சாடி. நான் அதைப் பார்க்கவே இல்லை. நேரா பின்கதவு எங்கேன்னு தேடிப் போனேன். இடுப்பால ஒரு தள்ளு தள்ளினேன் பாரு, அம்மாடி, ஊரே அலறுச்சு! நான் மூச்சு விடறதுக்குள்ள ரெண்டு நர்ஸு ஓடி வந்துட்டாங்க. பெரிய நர்ஸு என்னைப் பிடிச்சுத் திட்டினா திட்டு, எந்த வார்டனும் அப்படித் திட்டியிருக்கமாட்டா. எனக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

டீச்சர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாங்க. காலுல செருப்பு போட்டிருந்தாங்க. நகம் வெட்டியிருந்துச்சு, தண்ணி கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு. நீ பார்ப்பேன்னு சொல்றதையெல்லாம் நானும் பார்த்தேன். என்னைத்தான் அவங்களுக்குத் தெரியலை. கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, "புதுசா சேர்ந்திருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க.

"இன்னும் இல்லை"ன்னேன்.

"பக்கத்துக் கட்டில் காலிதான். வந்துடுங்க"ன்னாங்க.

அங்கேயே போயிடலாம்னு இருக்கேன், வாலு. பெரிய நர்ஸுகிட்டக் கேட்டுட்டேன், "கதவுப் பக்கம் போகமாட்டேன்னு சத்தியம் பண்ணினா சேர்த்துக்கறேன்"னா. நீ வந்து கையெழுத்து போட்டாத்தான் மாற முடியுமாம்.

நீ பண்ணினது சரி. சரியா பண்ணினதுக்குக் கோபப்படக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லை, அதனால கோபமும் அப்படியே இருக்கு. அது தீர்ந்துபோறதுக்குள்ள வந்து வாங்கிக்கோ. லீவு போட்டுட்டு வா. அதிகாரியா வராதே, என் பொண்ணா வா. ஆனா அந்தப் பின்கதவை மட்டும் நீயும் ஒரு தடவை தள்ளிப் பார்த்துடு. என்னால இன்னொரு தடவை முடியாது, இடுப்பு இன்னும் வலிக்குது.

டியூட்டியில் இல்லாத,
அம்மா